டோக்கன் கெடவில்லை, செட்டப் ஃபைல்தான் மாறிப்போனது

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம் குடியிருப்பில் பலருடைய பிழைப்பு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. சிலர் தொழிற்சாலை மெயின்டனன்ஸில் இருக்கிறீர்கள். சிலர் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறீர்கள். சிலர் அவர்களுக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள். இந்த மூன்று பேரையும் ஒரே மாதிரி மாட்டிவிடுகிற ஒரு சின்ன விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதையொட்டிப் பலரும் புது லேப்டாப் வாங்கினோம். ஆனால் பழைய மென்பொருளை விட முடிவதில்லை. நம் பகுதியில் கார் உற்பத்தி தொடங்கியது 1990-களின் கடைசியில். ஒரு இயந்திரம் 15, 20 வருடம் உழைக்கும். லேப்டாப் ஐந்து வருடம் தாங்கினால் பெரிது. அந்தப் பழைய இயந்திரத்தின் பி.எல்.சி.க்குப் புரோகிராம் ஏற்றும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மட்டுமே ஓடும் என்றால், புது லேப்டாப்புக்குள்ளேயே ஒரு எக்ஸ்.பி. கம்ப்யூட்டரை உருவாக்கி வைத்துக்கொள்கிறோம். அதுதான் வர்ச்சுவல் மெஷின். கணக்கு வேலை செய்பவர்களும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்காகப் பழைய விண்டோஸை இப்படி வைத்திருப்பதுண்டு. மேக் வைத்திருப்பவர்கள் அதற்குள் விண்டோஸை ஓட்டுகிறார்கள்.

சிக்கல் யு.எஸ்.பி.யில் தொடங்குகிறது. டோக்கனையோ பி.எல்.சி. கேபிளையோ சொருகுகிறோம். விளக்கு எரிகிறது. வெளியே இருக்கும் விண்டோஸுக்கு அது தெரிகிறது. உள்ளே இருக்கும் மெஷினுக்குத் தெரியவில்லை. மெனுவில் அந்தப் பெயரே வருவதில்லை, அல்லது மங்கலாக இருக்கிறது.

இதை நம் குடியிருப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். கூரியர் வருகிறார். மெயின் கேட்டில் செக்யூரிட்டி அவரை உள்ளே விட வேண்டும். பிறகு பிளாக் வாசலில் இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். மெயின் கேட் என்பது உங்கள் லேப்டாப்பின் விண்டோஸ். யு.எஸ்.பி. சாதனத்தைப் பிடித்து உள்ளே திருப்பி அனுப்ப அங்கே ஒரு தனி டிரைவர் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் இரண்டும் தங்களுடையதைக் கூடவே கொண்டுவருகின்றன. ஸ்பைஸ் முறையில் இணைப்பவர்கள் யு.எஸ்.பி.டி.கே. என்ற சிறு மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். அதற்கு 32-பிட் விண்டோஸுக்கு ஒரு செட்டப் ஃபைல், 64-பிட்டுக்கு வேறொன்று. பிளாக் வாசல் என்பது வர்ச்சுவல் மெஷின். அங்கே டோக்கனுக்கோ கேபிளுக்கோ உரிய டிரைவர் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வாசலிலும் அந்த வாசலுக்கு ஏற்ற டிரைவர்தான் செல்லும். லேப்டாப் 64-பிட், உள்ளே இருக்கும் எக்ஸ்.பி. 32-பிட் என்றால், வெளியே 64-பிட் டிரைவரும் உள்ளே 32-பிட் டிரைவரும் வேண்டும். பலர் "உள்ளே 32-பிட்தானே" என்று வெளியேயும் 32-பிட்டையே போட்டுவிடுகிறார்கள்.

"32-பிட் மென்பொருள் 64-பிட் விண்டோஸில் ஓடுகிறதே?" என்று கேட்பீர்கள். ஓடும். சாதாரண மென்பொருளுக்கு விண்டோஸ் அந்த வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது. டிரைவருக்கு அந்தச் சலுகை கிடையாது. டிரைவர் கெர்னல் என்னும் அடித்தளத்தில் வேலை செய்வது. அங்கே மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. சில செட்டப் ஃபைல்கள் "இது இந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். சில ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும். புரோகிராம் திறக்கும், ஜன்னல் வரும், டிரைவர் மட்டும் இருக்காது. நம்மை ஏமாற்றுவது இந்த இரண்டாவது வகைதான்.

ஃபைல் பெயரும் குழப்பும். எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு இருந்தால், 86 பெரிய எண், அதுதான் புதியது என்று நினைக்கத் தோன்றும். உண்மை தலைகீழ். 86 என்பது 1978-ல் இன்டெல் வெளியிட்ட 8086 சிப்பின் வாரிசுப் பெயர். செட்டப் ஃபைலில் அது 32-பிட்டைக் குறிக்கும். ஏ.எம்.டி.64 என்று இருந்தால், "என்னுடையது இன்டெல் ஆயிற்றே" என்று ஒதுக்க வேண்டாம். அந்த 64-பிட் முறையை 2003-ல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏ.எம்.டி. என்பதால் அந்தப் பெயர். இன்டெலுக்கும் அதேதான்.

இப்போது மூன்றாவது வகையும் வந்துவிட்டது: ஏ.ஆர்.எம். ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சிப்போடு மாறியது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் 2024 முதல் கடைகளில் அதிகம் தென்படுகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், எடையும் குறைவு. இன்டெலுக்கு எழுதிய சாதாரண மென்பொருளையும் பெரும்பாலும் ஓட்டிவிடும். இன்டெலுக்கு எழுதிய டிரைவரை ஓட்டாது. சில டோக்கன்களுக்கு விண்டோஸிலேயே இருக்கும் பொது டிரைவர் போதும், அவை தப்பிக்கலாம். தனி டிரைவர் கேட்பவை மாட்டிக்கொள்ளும். பழைய எக்ஸ்.பி. மெஷினை இவற்றில் எமுலேஷன் முறையில்தான் ஓட்ட முடியும், அதுவும் ஆமை வேகத்தில். தொழிலுக்கு வாங்குபவர்கள் கடையில் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இதில் இழப்பு என்ன? லைன் நின்றிருக்கும்போது பி.எல்.சி.யைத் திறக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்று மெயின்டனன்ஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சப்ளை செய்பவர்களுக்கு: அரசின் இணைய டெண்டரில் கடைசி நேரம் என்பது சர்வரின் கடிகாரம். அது தாண்டினால் தளம் வாங்காது. கம்பெனிகளின் வருமான வரிக் கணக்கும், கம்பெனி விவகாரத் துறைக்குச் செல்லும் படிவங்களும் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பதற்றத்தில் நாம் செய்யும் காரியம். டோக்கன் தெரியவில்லை என்றதும் அதையே சந்தேகிக்கிறோம். பின் நம்பரை மாற்றி மாற்றிப் போடுகிறோம். குறிப்பிட்ட தடவை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். சிலர் "இனிஷியலைஸ்" பட்டனை அழுத்திவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கையொப்பச் சாவி அதோடு அழிந்துவிடும். அதற்கு நகல் கிடையாது. திரும்பப் பணம் கட்டி, வீடியோ சரிபார்ப்பு முடித்து, புதுக் கையொப்பம் வாங்க வேண்டும். செட்டப் ஃபைலை மாற்றினால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இத்தனை அலைச்சல்.

ஆகவே சில வழக்கங்களைப் பழகிக்கொள்வோம்.

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் "சிஸ்டம் டைப்" என்ற வரியைப் பாருங்கள். 32-பிட்டா, 64-பிட்டா, ஏ.ஆர்.எம்.மா என்று அங்கேயே எழுதியிருக்கும். வர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் இதையே தனியாகப் பாருங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வையுங்கள்.

சாதனம் தெரியவில்லை என்றால் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் மெயின் கேட், பிறகு பிளாக். தவறான டிரைவர் ஏறியிருந்தால் அதை முழுக்க நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, சரியானதை ஏற்றுங்கள். மேலேயே திணிக்க வேண்டாம். ஒரு சாதனம் ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும். உள்ளே போனதும் வெளியே மறைவது இயல்பு, பயப்படாதீர்கள்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே டோக்கனைச் சொருகி, ஒரு தடவை கையொப்பம் போட்டுப் பாருங்கள். புது லேப்டாப்பில் எல்லாம் ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழையதை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். எக்ஸ்.பி. மெஷினுக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள். அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது.

அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு லேப்டாப்பை வாங்கிப் பயன்படுத்தலாம். டோக்கனையும் பின் நம்பரையும் சேர்த்து யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன்படி அது உங்கள் கையெழுத்து. உதவி செய்பவர் நல்லவர்தான். ஆனாலும் பின் நம்பரை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள்.

யாருக்காவது இப்போதே இந்தச் சிக்கல் இருந்தால் லேப்டாப்போடு வாருங்கள், டீ குடித்துக்கொண்டே பார்த்துவிடலாம்.