எண்ணும் எழுத்தும் இயந்திரமும்

1964ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, விடியற்காலை நான்கு மணி. ஐக்கிய அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 'பேசிக்' என்னும் கணினிமொழி முதன்முதலாக இயங்கிற்று. ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவரும் இலக்கியமும் வரலாறும் பயிலும் மாணாக்கரையும் கருதியே அதனை ஆக்கினர்.

முன்பிருந்த போட்ரான் மொழியில் முழுவெண் ஒரு வகை, தசமவெண் வேறு வகை. ஏழு ரூபாவை இருவருக்குப் பங்கிடுமாறு முழுவெண்களாகக் கொடுத்தால், விடை மூன்று என்றே வரும். எஞ்சிய ஒரு ரூபா சொல்லாமற் கொள்ளாமல் மறைந்துவிடும். இயந்திரத்தின் பிழையன்று அது. வகையறியாது கொடுத்தவரின் பிழை. பேசிக் இவ்வேறுபாட்டை நீக்கி, எண் யாவற்றையும் ஒரே வகையாக நடத்திற்று. மூன்றரை என்னும் விடை முறையாகக் கிடைத்தது.

எண்ணை இட்டுவைக்கும் இடம் 'மாறி' எனப்படும். "எக்ஸ் சமன் எக்ஸ் சக ஒன்று" என்றால் அட்சரகணிதம் கற்றவர் நகைப்பர். பேசிக்கோ அதன் முன்னே 'லெட்' என்னும் சொல்லை வைத்தது. எக்ஸில் இருப்பதை எடுத்து, ஒன்றைக் கூட்டி, அங்கேயே திரும்ப வை என்பது பொருள். அது சமன்பாடன்று, கட்டளை.

ஆயின், முதலில் அம்மாறிகளில் எழுத்துக்கு இடமில்லை. இலக்கிய மாணாக்கரையும் கருதி எழுந்த மொழியிலே சொல்லை இட்டுவைக்க வழியில்லாதிருந்தது வேடிக்கையே! பின்வந்த பதிப்புகளில், பெயரின் ஈற்றில் டொலர்க் குறி கொண்ட 'சரம்' என்னும் வகை சேர்ந்தது. இலக்கங்களால் ஆனவை யாவும் எண்களல்ல. தொலைபேசி இலக்கத்தை எண்ணாக இட்டால், முன்னிற்கும் பூச்சியம் அழிந்துபோம். அதனைச் சரமாகவே இடல் வேண்டும்.