படம் வினாத்தாள் அன்று



சில ஆண்டுகளுக்கு முன், தொடக்கநிலை ஐந்தில் படித்த மாணவி ஒருத்தி பள்ளி நூலகத்தின் மூலையில் ஓர் ஆங்கில நாவலை விரித்துவைத்து அமர்ந்திருந்தாள். அருகில் சென்றபோதுதான், அந்த நாவலுக்குள் ஒரு தமிழ்ப் படக்கதை நூல் இருப்பதைக் கண்டேன். பாடநூலுக்குள் கதைநூலை மறைத்துப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். தமிழை மறைத்துப் படிக்கும் பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். காரணம் கேட்டேன். "இது சின்னப் பிள்ளைங்க புத்தகம், டீச்சர். கூட்டாளிங்க பார்த்தா சிரிப்பாங்க" என்றாள்.

அவளுக்கு வயது 11. கையில் இருந்ததோ, முயல் ஒன்று தன் தொப்பியைத் தேடும் கதை. ஆங்கிலத்தில் அவள் அனாதைச் சிறுவர்களையும் போர்க்காலத்தையும் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிந்தனை 11 வயதுக்குரியது. தமிழ் வாசிப்பு மட்டும் 7 வயதில் நின்றுவிட்டது. தடையின்றிப் படிக்க முடிந்த தமிழ்நூல் அவளுக்கு நாணத்தைத் தந்தது. நாணம் தராத தமிழ்நூலோ முதல் பக்கத்திலேயே அவளைத் திருப்பி அனுப்பியது.

9 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான படநூல்களைப் பற்றி இன்று பேச வந்ததற்கு அவள்தான் காரணம். இந்த நான்கு ஆண்டுகளில் தமிழில் விரும்பிப் படிக்காத பிள்ளை, உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றபின் தானாகவே நூலைத் தேடி வருவதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

படம் என்றாலே சிறு குழந்தைகளுக்கு உரியது என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் பெற்றோருக்கு அது இருந்ததில்லை. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமனையும் வேதாளத்தையும் நினைத்துப் பாருங்கள். உருவிய வாளுடன், தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் அந்த அரசனைச் சிறுவரும் பார்த்தனர், வீட்டுப் பெரியவரும் பார்த்தனர். எவரும் அதை மறைத்துப் படிக்கவில்லை.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. மலேசிய ஓவியர் லாட் 1979இல் வெளியிட்ட 'கம்போங் பாய்', பேராக் மாநிலக் கம்பத்தில் வளர்ந்த ஒரு சிறுவனின் கதை. அதில் எழுத்து அமைதியாக, ஒருவர் தம் இளமையை நினைவுகூர்வதுபோல் செல்கிறது. படமோ பக்கம் முழுவதும் குறும்பு செய்கிறது. எழுத்து சொல்லாததைப் படம் காட்டிக்கொடுக்கிறது. நாம் சிரிப்பது அந்த இடைவெளியைக் கண்டுதான். அமெரிக்காவில் பிரையன் செல்ஸ்னிக் 2007இல் உருவாக்கிய 'தி இன்வென்ஷன் ஆஃப் ஹியூகோ காப்ரே' ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் நூல். அதில் ஏறத்தாழப் பாதி, எழுத்தே இல்லாத பென்சில் ஓவியங்கள். சிறுவர் படநூல்களின் ஓவியர்க்கு வழங்கப்படும் கால்டிகாட் பதக்கம் 2008இல் அதற்குக் கிடைத்தது. அத்தனை தடித்த நூலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரிக்கமாட்டார்கள்.

இனி, இது நம் மாணவருக்கு எப்படி உதவும் என்பதைக் கூறுகிறேன். ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் உள்ள வாக்கியம் இவ்வளவே: 'தாத்தா நலமாக இருக்கிறார் என்று அம்மா சொன்னார்.' தொடக்கநிலை இரண்டில் படிக்கும் பிள்ளையும் இதை வாசித்துவிடும். மேலே உள்ள படத்தில், அம்மா நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஒரு கையில் தொலைபேசி. முன்னால் வாளி நிரம்பி வழிகிறது. அவர் குழாயை மூடவில்லை. வாசலில் தாத்தாவின் செருப்பு மட்டும் கிடக்கிறது.

11 வயதுப் பிள்ளை இந்தப் பக்கத்தைக் கடந்து செல்லாது. அம்மா உண்மையைச் சொல்லவில்லை என்பதை அது தானே கண்டுபிடிக்கும். மொழி அதற்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. பொருளோ அதன் அறிவுக்கு ஏற்ற ஆழத்தில் இருக்கிறது. கதையை எளிமையாக்காமல் வாக்கியத்தை மட்டும் எளிமையாக்க வேண்டுமாயின், மீதியைச் சொல்லும் பொறுப்பை ஓவியரிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும்.

இதை நான் எளிதில் கற்கவில்லை. என் முதல் கையெழுத்துப்படியில், மூச்சிரைக்கப் படியேறிய சிறுவன், நீல நிறக் கதவு, கதவின்மேல் காய்ந்த மாவிலைத் தோரணம் என்று எல்லாவற்றையும் வருணித்திருந்தேன். ஓவியர் அதைப் பென்சில் கோடுகளுடன் திருப்பி அனுப்பினார். "இவற்றை நான் வரைந்துவிடுவேன், நீங்கள் எழுதவேண்டாம்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அந்தப் பக்கத்தில் இருந்த பதினான்கு வரிகளில் மூன்று எஞ்சின. இரண்டு நாள் அவருடன் நான் பேசவில்லை. பிறகு அந்த மூன்று வரிகளைப் படித்துப் பார்த்தேன். அவர் செய்தது சரி.

நூலாக்கத்தில் தமிழுக்கே உரிய சில சிக்கல்களும் உள்ளன. 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்னும் ஒரு சொல்லே ஒரு வரியை நிரப்பிவிடும். படத்தின் ஓரத்தில் ஒடுங்கிய இடத்தில் எழுத்தை அடைத்தால், சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். தயங்கித் தயங்கி வாசிக்கும் பிள்ளை அங்கேதான் நூலை மூடும். ஆகவே எழுத்தாளர், ஓவியர், பக்க வடிவமைப்பாளர் மூவரும் தொடக்கத்திலேயே ஒன்றாக அமர வேண்டும். எந்தச் செய்தி வலப்பக்கத்தின் இறுதியில் நின்று, பிள்ளையைத் தாளைப் புரட்டத் தூண்டும் என்பதை அப்போதே முடிவுசெய்ய வேண்டும். எல்லாம் எழுதி முடித்தபின் 'நான்கு படம் போட்டுத் தாருங்கள்' என்று கேட்பது, சமைத்து முடித்தபின் உப்பைத் தனியே பரிமாறுவது போன்றது.

பேச்சுத்தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படநூலில் கதை சொல்பவரின் வரிகள் எழுத்துத்தமிழில் அமையலாம். கதைமாந்தரின் பேச்சுக் குமிழ்கள் நாம் வீட்டில் பேசும் தமிழில் அமையலாம். 'எங்கடா போனே?' என்று பாட்டி கேட்கும் இடத்தில், 'நீ எங்கே சென்றாய்?' என்று எழுதினால் அந்தப் பாட்டி நாடகத்திற்கு ஒப்பனையிட்டவர் ஆகிவிடுவார். மாணவரின் கட்டுரை கெட்டுவிடும் என்று ஆசிரியர் சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், சிங்கப்பூரில் 2005இல் நடைபெற்ற தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வே பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று வலியுறுத்தியது. குமிழுக்குள் ஒரு தமிழ், குமிழுக்கு வெளியே ஒரு தமிழ் என்று கண்முன் பிரித்துக் காட்டும் படநூலைவிட, இவ்விரண்டின் வேறுபாட்டைத் தெளிவாகக் கற்பிக்கும் கருவி எதுவும் என் கையில் அகப்பட்டதில்லை.

நூல் நன்றாக அமைந்தாலும் அதைக் கெடுக்க நம்மால் முடியும். நம் மாணவர் தமிழோடு சேர்த்துப் படத்தைச் சந்திப்பது பெரும்பாலும் தேர்வில்தான். படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுது, படத்தைப் பார்த்துக் கருத்துரை என்று அவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு நல்ல ஓவியத்தைக் காட்டினாலும், 'இப்படத்தில் ஒரு பூங்கா உள்ளது, பூங்காவில் மரங்கள் உள்ளன' என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று.

நான் இப்போது வகுப்பில் ஒன்றே ஒன்று செய்கிறேன். எழுத்தைத் தாளால் மூடிவிட்டு, ஒரு நிமிடம் எவரும் பேசாமல் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். பின்னர் எழுத்தைத் திறந்து வாசிக்கிறோம். நான் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கே. தாத்தாவின் செருப்பைப் போன்ற ஒன்றை யாரேனும் முதலில் கண்டு, "டீச்சர், அங்க பாருங்க!" என்பார்கள். அதன்பின் நடக்கும் வாதத்தில் ஆங்கிலம் கலக்கும், நான் திருத்துவதில்லை. வாதம் முற்றும்போது தமிழ்ச் சொற்களைத் தாமே தேடிக் கேட்பார்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை மறந்துவிட்டேன் என்று எண்ணவேண்டாம். வாரத்தில் அரைமணி நேரம்தான் இதற்குத் தருகிறேன்.

முயலின் தொப்பிக் கதையை மறைத்துப் படித்த மாணவியும் அவளுடைய வகுப்பினரும் மறு ஆண்டு 32 பக்கத்தில் ஒரு நூல் செய்தார்கள். ஏழு பேர் எழுதினர், ஐவர் வரைந்தனர், நிறையச் சண்டையிட்டனர். அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி ஒருநாள் பழுதானபோது, பத்தாம் மாடிப் பாட்டியும் கீழ்வீட்டுச் சிறுமியும் என்ன செய்தார்கள் என்பதே கதை. எழுத்துப்பிழைகளை நான் திருத்தினேன், கதையில் கைவைக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் எழுத்தே கிடையாது. அங்கே சில வரிகள் சேர்க்கலாமே என்று நான் சொன்னேன். அவள்தான் மறுத்தாள்: "வேணாம் டீச்சர். பார்த்தா தெரியும்."

அந்நூலின் படி ஒன்றை வாயிற்புற மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் வேளையில் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.