பாட்டி சாட்சி போதாது
(தியாகராய நகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரங்கநாதன் தெருவில் மஞ்சள் வாங்காத தாய்மார் இக்கூட்டத்தில் உண்டா? புண்ணுக்கு மஞ்சள் வைக்க நாம் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அதற்குத்தான் 1995ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் பேட்டண்ட் வாங்கியது! "எங்கள் பாட்டிக்கே தெரியுமே" என்று நாம் கொதித்தோம். நியாயமான கொதிப்புதான். ஆனால் பேட்டண்ட் அலுவலகம் கேட்பது ருசு. மனுப் போட்ட தேதிக்கு முன்பே அச்சேறிய ஏடு. நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 32 ஏடுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்று, இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953ல் வந்த கட்டுரை. 1997ல் பேட்டண்ட் ரத்தாயிற்று.

புற்றுநோய் மருந்துக்குப் பாட்டி சாட்சி சொல்ல முடியாது. அங்கே ருசு எங்கிருந்து வரும்? நம் சென்னையிலேயே நடந்த வழக்கைப் பாருங்கள்.

க்ளிவெக் என்பது இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. நோவார்ட்டிஸ் கம்பெனியின் விலை அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்குத் தந்தன. அந்த மருந்து உப்பின் ஒருவகைப் படிகத்துக்கு 1998ல் சென்னை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் பேட்டண்ட் கேட்டது. புற்றுநோயாளிகளின் உதவிச் சங்கம் ஆட்சேபித்தது. ருசு எது தெரியுமா? கம்பெனியின் சொந்தக் காகிதம்! மருந்தின் மூலப்பொருளுக்கும் அதன் உப்புகளுக்கும் ஜிம்மர்மன் என்பவர் பேரில் 1996லேயே அமெரிக்க பேட்டண்ட் இருந்தது. "அதில் இந்த உப்பு இல்லை" என்று இங்கே வாதாடிய கம்பெனி, இங்கிலாந்தில் நாட்கோ கம்பெனி இதே மருந்தை விற்றபோது, அந்தப் பழைய பேட்டண்டைக் காட்டித்தான் 2004ல் நோட்டீஸ் விட்டது. ஊருக்கொரு பேச்சு!

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மனுவைத் தள்ளியது: முன்பே வெளியானது, துறை அறிந்தவனுக்கு எளிதில் புலப்படக்கூடியது என்றது. ஆனால் 2009ல் மேல்முறையீட்டு வாரியம், புலப்படக்கூடியதல்ல என்று கம்பெனி பக்கம் சாய்ந்தது. அப்போது கைகொடுத்தது சட்டத்தின் 3(டி) பிரிவு. 2005ல் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் விடாது நெருக்கியதன் பலன் அது. தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால், நோய் தீர்க்கும் சக்தி கூடியிருப்பதை மனுதாரரே ருசுப்படுத்த வேண்டும். உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேருகிறது என்றது கம்பெனி. சேர்ந்தால் மட்டும் போதுமா, நோய் கூடுதலாகத் தீர்ந்ததா என்று கேட்டு, 2013 ஏப்ரல் 1ல் சுப்ரீம் கோர்ட் அப்பீலைத் தள்ளியது.

பேட்டண்ட் கொடுக்குமுன் ஆட்சேபிக்க எவருக்கும் சட்டத்தில் இடமுண்டு. எனவே ஒரு வேண்டுகோள். பழைய சித்த மருத்துவ நூல்களும் மருத்துவ சஞ்சிகைகளும் உங்கள் பரணில் இருக்கலாம். எடைக்குப் போடுமுன், அச்சிட்ட ஆண்டு உள்ள பக்கம் கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நம்மிடம் கொண்டுவாருங்கள்.