விட்டுச் சென்ற வழக்கு

("பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்கிறோம்?" எனும் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் வீட்டைச் சொன்னார்கள், நிலத்தைச் சொன்னார்கள், கல்வியைச் சொன்னார்கள். நான் ஒரு வழக்கைச் சொல்ல வந்திருக்கிறேன். தந்தை ஒருவர் முடிக்காமல் விட்டுச் சென்ற வழக்கு அது. அவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகும் தறுவாயில் அவருடைய குடும்பம் அதில் வென்றது.

அவர்தான் வழக்கறிஞர் கர்ப்பால் சிங். 'ஜெலுத்தோங் புலி' என்றால் நம்மவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அரசியலில் உடன்படாதவர்களும் இந்த அரங்கில் இருக்கலாம். நான் கட்சி பேச வரவில்லை. ஒரு வழக்கறிஞரைப் பற்றியும், ஒரு குடும்பத் தலைவரைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

1940-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். தந்தை ராம் சிங் பஞ்சாபிலிருந்து வந்து, காவல்காரராக வேலை பார்த்து, மாடும் வளர்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார். இந்தக் கதை நமக்குப் புதிதா? தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் பெற்றோரின் கதையும் இதுதானே.

கர்ப்பால் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். முடிப்பதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின! தேர்வில் ஒரு 'ஏ' குறைந்ததற்கே வீட்டை இரண்டாக்கும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1969-இல்தான் அவர் வழக்கறிஞரானார். ஆனால், அதன்பிறகு சாகும் வரையில் அந்த அங்கியைக் கழற்றவே இல்லை.

யாருக்காக வாதாடினார்? 1970-களில், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்த நாட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தச் சிறுவனுக்காகப் போராடியவர் அவர். தண்டனை பிறகு மாற்றப்பட்டு, பையன் உயிர் பிழைத்தான்.

எல்லா வழக்கிலும் அவர் வெல்லவில்லை. போதைப்பொருள் வழக்கில் சிக்கிய ஆஸ்திரேலியர் கெவின் பார்லோவுக்காக வாதாடினார். 1986 ஜூலையில் புடு சிறையில் பார்லோ தூக்கிலிடப்பட்டார்.

"போதைப்பொருள் கடத்துகிறவனுக்கு எதற்கையா வக்கீல்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். போதைப்பொருளால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நம் தெருவிலேயே இருக்கிறாள். ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாளை நம் வீட்டுப் பையனின் பைக்குள் வேறொருவன் எதையோ வைத்துவிட்டால்? அப்போது கதவைத் தட்ட நமக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். ஊரே குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்ட மனிதனுக்காக நிற்பவர்தான், நாளை நமக்காகவும் நிற்பார்.

இனி வீட்டுப் பக்கம் வருவோம். மனைவி குர்மிட் கவுர். பிள்ளைகள் ஐவர். 1987 அக்டோபரில் 'ஒப்பராசி லாலாங்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டார்கள். கர்ப்பாலும் அவர்களில் ஒருவர். 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில மணி நேரத்திலேயே மீண்டும் கைது செய்தார்கள். 1989 ஜனவரியில்தான் விடுதலை கிடைத்தது. அத்தனை நாளும் குடும்பத்தைத் தாங்கியவர் அந்த அம்மையார். கணவர் பெயர் நாளிதழின் முதல் பக்கத்தில் வரும். அடுப்படியில் மனைவி பட்ட பாடு எந்தப் பக்கத்திலும் வராது.

2005-இல், பினாங்கில் அவர் சென்ற டாக்சியைப் பின்னாலிருந்து ஒரு கார் மோதியது. அன்று தொடங்கிய சக்கர நாற்காலி வாழ்க்கை கடைசிவரை தொடர்ந்தது. அதே நாற்காலியில் நீதிமன்றம் போனார், நாடாளுமன்றமும் போனார்.

இப்போது நான் சொன்ன வழக்கு. 2009-இல் பேராக் அரசியல் நெருக்கடியின்போது, சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடமுண்டு என்று கர்ப்பால் கருத்துரைத்தார். அதற்காக அவர்மீது தேச நிந்தனை வழக்கு. முதலில் விடுதலை, பின்னர் மறுபடியும் விசாரணை. 2014 மார்ச்சில் 4,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் 2,000 ரிங்கிட்டை எட்டினாலே நாடாளுமன்றப் பதவி பறிபோகக்கூடும். மேல்முறையீடு செய்தார்.

அது விசாரணைக்கு வருமுன், ஏப்ரல் 17-ஆம் நாள் பின்னிரவு. காலையில் பினாங்கில் ஒரு வழக்கு. அதற்காகக் கோலாலம்பூரிலிருந்து போய்க்கொண்டிருந்தார். குவா தெம்புரோங் அருகே நெடுஞ்சாலை விபத்து. அவரும், அவருடைய உதவியாளராக இருந்த நம்மவர் ஒருவரும் உயிரிழந்தார்கள். அதே வண்டியில் இருந்த மகன் ராம் கர்ப்பால் உயிர் தப்பினார்.

குற்ற வழக்கில் மேல்முறையீடு செய்தவர் இறந்தால், பொதுவாக மேல்முறையீடும் அவரோடு முடிந்துவிடும். அபராதத் தண்டனைக்கு மட்டும் சட்டம் விலக்கு தருகிறது. குர்மிட் கவுர் விரும்பியிருந்தால், போனவர் போய்விட்டார், இனி எதற்கு என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கணவரின் சொத்து நிர்வாகியாக அவர் இடத்தில் நின்று வழக்கைத் தொடர்ந்தார். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை 1,800 ரிங்கிட்டாகக் குறைத்தது. குற்றவாளி என்ற பெயர் மட்டும் அப்படியே நின்றது. அம்மையார் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். 2019 மார்ச் 29-ஆம் நாள் கர்ப்பால் சிங் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது.

பணத்துக்காகவா அந்தப் போராட்டம்? வழக்குச் செலவே அபராதத்தைத் தாண்டியிருக்கும். பெயருக்காக, ஐயா. பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொள்ளப் போகும் பெயருக்காக.

இன்னொன்றும் நடந்தது. அவருடைய ஐந்து பிள்ளைகளில் நால்வர் சட்டத்துறைக்கு வந்தார்கள். அன்று காரில் உயிர் தப்பிய ராம் கர்ப்பால், 2023-இல் சட்டத்துறைக்குப் பொறுப்பான பிரதமர் துறைத் துணையமைச்சராக இருந்தார். கட்டாய மரண தண்டனையை அகற்றும் மசோதா அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மக்களவையில் நிறைவேறியபோது, அரசாங்கத்தின் சார்பில் விளக்கம் தந்தவர் அவர்தான். ஜூலை 4-ஆம் நாள் சட்டம் நடப்புக்கு வந்தது. மரண தண்டனை முற்றாக ஒழிந்துவிடவில்லை. வேறு தண்டனை தரலாமா என்று முடிவு செய்யும் உரிமை நீதிபதிக்குத் திரும்பக் கிடைத்தது. மரண தண்டனையோ சாகும்வரை சிறையோ பெற்று, எல்லா மேல்முறையீடும் முடிந்த பலருக்கும் மறுபரிசீலனைக்கு வழி பிறந்தது.

தூக்குமேடையின் வாசலில் நின்று ஒவ்வோர் உயிராகக் காப்பாற்றப் பார்த்தவர் தந்தை. அந்த வாசலையே பாதி அடைக்கும் வேலையில் மகனுக்கும் பங்கு கிடைத்தது.

பினாங்கில் கடலோரச் சாலை ஒன்றுக்கு இன்று கர்ப்பால் சிங் பெயர் இருக்கிறது. அந்த வழியே போகும்போது பிள்ளைகள், "இவர் யார்?" என்று கேட்டால், புலி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். காவல்காரர் மகன், ஏழு வருடம் படித்து வழக்கறிஞரானவர், யாருமில்லாதவர்களுக்காக நின்றவர் என்று சொல்லுங்கள். அவர் போன பிறகு, அவருக்காக அவர் வீடே நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.