மாணவர் நடத்தும் மாதிரி கிராம சபை

(ஊரகப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முன்னோர் வாக்கு. மக்களாட்சிப் பாடத்திற்கு இது மிகவும் பொருந்தும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு எத்தனை முறை கூடுகிறது என்று கேட்டால், நன்கு படித்த மாணவன் ஆறு முறை என்பான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என நாட்களையும் ஒப்பிப்பான். ஆனால், 18 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறி, அச்சபையின் உறுப்பினனாகும்போது அங்கே எழுந்து என்ன பேசுவது, வரவு செலவுக் கணக்கில் எதைக் கேட்பது என்பவற்றை அவன் எங்கே கற்றான்?

செய்து கற்பதே இதற்கு வழி. இம்முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1962-இல் பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு, இளைஞர் நாடாளுமன்றம் நடத்தலாம் எனப் பரிந்துரைத்தது. 1966-67-இல் தில்லிப் பள்ளிகளில் அத்திட்டம் தொடங்கியது. மாணவர்களே சபாநாயகராகவும் அமைச்சராகவும் எதிர்க்கட்சியினராகவும் அமர்ந்து விவாதித்தனர். எனினும், கிராமத்துச் சிறுவனுக்கு நாடாளுமன்றம் நெடுந்தொலைவு; கிராம சபையோ அவன் கண்ணெதிரே கூடுவது. ஆதலின், அதிலிருந்து தொடங்குவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

அதை எவ்வாறு நடத்துவது? முதலில் மாணவர்களை ஊருக்குள் அனுப்புங்கள். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தக் குடியிருப்புக்குக் குடிநீர் கடைசியில் வருகிறது என அவர்களே குறித்து வரட்டும். பின்பு வகுப்பை வார்டுகளாகப் பிரித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. மாதிரிச் சபையிலும் பாதி இடங்கள் மாணவியருக்கே உரியவாகட்டும். ஒருவர் தலைவர், ஒருவர் செயலர், ஏனையோர் பொதுமக்கள். குறைவெண் வரம்பையும் வகுத்துவிடுங்கள். போதிய பேர் வராவிடில் கூட்டம் நடவாது என்பதை அவர்கள் நேரில் உணரட்டும்.

அடுத்ததே இப்பயிற்சியின் உயிர்நிலை. ஊராட்சியின் கையில் ஓர் இலட்சம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிநீர்க் குழாய்க்கு 70,000, தெருவிளக்குகளுக்கு 40,000, நூலகக் கூரைக்கு 50,000 எனக் கோரிக்கைகள் வருகின்றன. குழாயை ஏற்றால் மற்ற இரண்டையும் கைவிட வேண்டும். மற்ற இரண்டையும் ஏற்றால் குழாயைக் கைவிட வேண்டும். குழாயோ ஊர்க்கோடியிலுள்ள சிறு குடியிருப்புக்குரியது. விளக்கும் நூலகமும் பெரிய தெருக்களுக்குரியவை. கை தூக்கச் சொன்னால் எது வெல்லும்? பெரும்பான்மை எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற வினா அங்கேதான் பிறக்கிறது. பெரிய தெரு மாணவர்களையே குடியிருப்பின் சார்பில் பேச வையுங்கள். மற்றவர் தாகத்தை எடுத்துரைக்கப் பழகியவன், பின்னாளில் அதை எளிதில் ஒதுக்கிவிடமாட்டான்.

இரண்டு எச்சரிக்கைகள். பேச்சை எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் செய்தால் அது ஆண்டுவிழா நாடகமாகுமேயன்றி, பயிற்சியாகாது. ஆசிரியர் இடையில் புகுந்து தீர்ப்புக் கூறுவதும் தகாது; முடிவு தவறாயினும் மாணவர்களே அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் அத்தீர்மானத்தைப் படித்து, குடியிருப்பு மக்களாக நடிப்போர் மீண்டும் வினவட்டும். தம் முடிவுக்குத் தாமே விடை கூறுவதுதான் பொறுப்பாட்சியின் முதற்பாடம்.

முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒரு சிறுவனை அழைத்தனர். உள்ளிருப்பதை அறியாமையே அன்று அவனுக்குரிய தகுதி. இன்றைய முறையில் வாக்களிக்கும் கைக்கு அறிவும் வேண்டும். அவ்வறிவைப் பதினெட்டு வயதுக்கு முன்பே ஊட்டுவது நம் கடமை.

ஆகவே, அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் பள்ளியில் ஒரு மாதிரிச் சபை கூட்டுங்கள். அதன்பின் மாணவர்களை உண்மையான சபைக்கு அழைத்துச் சென்று பார்வையாளராக அமர்த்துங்கள். தாம் எழுப்பிய வினாக்களை அங்கே பெரியவர்கள் எழுப்புகிறார்களா என அவர்கள் கவனிக்கட்டும். அவ்வாறு கவனிக்கும் பிள்ளைகள் உள்ள ஊரில், கணக்கும் ஒழுங்காக வாசிக்கப்படும்.