ஹார்மோன் பட்டை: பிறர் மருந்து நமக்காகாது

தோட்டத் தாய்மார்களே! மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் உடற்கொதிப்பும் இரவு வியர்வையும் தணிய, மருத்துவர் தரும் ஹார்மோன் பட்டையை அடுத்த வீட்டாரிடம் கேட்டு வாங்கி ஒட்டலாகாது என்பதையே நாம் இன்று வலியுறுத்துகிறோம். தருபவரின் அன்பில் குறையில்லை, மருந்துதான் வேறு.

பல பட்டைகளில் உள்ளது ஈஸ்ட்ரோஜன் மட்டுமே. கருப்பை அகற்றப்பட்டவருக்கு அது போதும். கருப்பை உள்ளவரோ புரோஜெஸ்டோஜன் என்னும் மருந்தையும் உடன் பெறவேண்டும். பெறாவிடில் கருப்பையின் உட்புறம் தடித்து, நாளடைவில் புற்றுநோய் தோன்றவும் கூடும். மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டோ முன்பு கண்டவர்கள் அதனை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது.

பால் வெட்டி வந்து குளித்து, தோல் நன்கு உலர்ந்தபின், எண்ணெயும் பவுடரும் பூசாத இடத்தில், இடுப்புக்குக் கீழே ஒட்டுங்கள், மார்பில் வேண்டாம். கழற்றிய பட்டையிலும் மருந்து எஞ்சியிருக்கும். மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாது எறியுங்கள். விலக்கு நின்று 12 மாதங்கள் கடந்தபின் உதிரம் கண்டால், வெட்கம் கருதாது உடனே மருத்துவரைக் காணுங்கள்.