ஈந்த கரம் இறுதியாண்டு வரை நீளட்டும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் ஊர்களில் ஒரு நற்காட்சியைக் காண்கிறோம். ஜமாஅத்தினரும் செல்வந்தர்களும் ஏழை மாணவர்களை அழைத்து, கல்லூரியில் சேர்வதற்கான கட்டணத்தை வழங்குகின்றனர். போற்றத்தக்க செயல்தான். ஆயினும், ஓராண்டு கழிந்தபின் அந்த மாணவர் எங்கே இருக்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

முதலாண்டில் உதவ முன்வந்தோர் இரண்டாமாண்டில் வேறு மாணவரைத் தேடிச் செல்கின்றனர். விடுதி உணவுக் கட்டணம் நிலுவையில் நிற்கிறது. தேர்வுக் கட்டணம் செலுத்த வழியின்றி ஒரு பருவத் தேர்வு தவறிப்போகிறது. தந்தை நோயுற்றால் மூத்த மகன் கடைவேலைக்குச் செல்கிறான். மகளாக இருந்தால் வீட்டோடு நின்றுவிடுகிறாள். மூன்றாண்டுப் படிப்பில் ஈராண்டை முடித்தவரை மூன்றில் இரண்டு பங்கு பட்டதாரி என்று எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. அவருக்கு மிஞ்சுவது கடனும் மனக்காயமுமே. நாம் கொடுத்த பொருளும் கரை சேராத ஓடமாகிவிடுகிறது.

இமாம் காட்டிய வழி

கூஃபா நகரில் துணி வணிகம் செய்து வந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபையில் ஓர் ஏழை இளைஞர் பயின்று வந்தார். குடும்பம் பிழைப்புக்கு வழியின்றித் தவித்தது. பாடத்தை விட்டு வருமானம் தேடுமாறு தந்தை அறிவுறுத்த, அவர் சபைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். இதன் பின் நடந்ததை வரலாற்று நூல்கள் எடுத்துரைக்கின்றன.

அவர் வராததை இமாம் கவனித்தார்கள். திரும்பி வந்தபோது காரணத்தைக் கேட்டறிந்தார்கள். மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை காத்திருந்து, நூறு திர்ஹம் கொண்ட பை ஒன்றைக் கொடுத்தார்கள். பாடத்திற்குத் தவறாமல் வருமாறும், அது தீர்ந்ததும் தெரிவிக்குமாறும் கூறினார்கள். சில நாட்களுக்குப் பின் மீண்டும் நூறு திர்ஹம் கொடுத்தார்கள். பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நிலை ஒருபோதும் தமக்கு ஏற்படவில்லை என்றும், தாம் தன்னிறைவு அடையும்வரை இந்த உதவி தொடர்ந்தது என்றும் அந்த மாணவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அந்த மாணவர்தாம் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). அப்பாஸிய ஆட்சியில் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். அரசின் வரி, நிதி பற்றி ‘கிதாபுல் கராஜ்’ எனும் நூலை யாத்தவர். முதல் நூறு திர்ஹத்தோடு அந்த உதவி நின்றிருக்குமாயின், இந்தச் சமுதாயம் ஒரு பேரறிஞரை இழந்திருக்கும்.

இன்றைய சான்று

இமாமின் அணுகுமுறையில் பொருளுதவி இருந்தது. வராதவரைத் தேடி விசாரிக்கும் அக்கறையும் இருந்தது. இவ்விரண்டும் இணைந்தால் என்ன பயன் விளையும் என்பதை நம் காலத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ஆம் ஆண்டு, நகர நிர்வாகத்தின் நிதியுதவியோடு, தன் ஈராண்டுக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கல்விக் கட்டணத்தில் குறைந்த தொகையை ஈடுசெய்தது. பாடநூல்களுக்கும் பயண அட்டைக்கும் உதவியது. மாணவரை அடிக்கடி சந்தித்து நலம் விசாரிக்க ஆலோசகர்களையும் அமர்த்தியது. 2015-இல் வெளியான ஆய்வின்படி, மூன்றாண்டுகளுக்குள் படிப்பை நிறைவு செய்தோர் இத்திட்டத்தில் சுமார் 40 விழுக்காட்டினர். திட்டத்தில் சேர்க்கப்படாத அதே தகுதியுடைய மாணவர்களிலோ சுமார் 22 விழுக்காட்டினரே.

பேருந்துக் கட்டணமும், பாடநூலும், ஒருவரின் விசாரிப்பும் அற்பமானவை என எண்ண வேண்டாம். படிப்பு அறுந்துபோவது பெரும்பாலும் இத்தகைய சிறிய இடங்களில்தான்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்பது மாணவருக்கு முதலாண்டுக் கட்டணம் மட்டும் செலுத்தும் தொகையைக் கொண்டு, மூன்று மாணவரின் மூன்றாண்டுக் கட்டணத்தையும் ஏறத்தாழச் செலுத்திவிடலாம். எண்ணிக்கை குறைந்தாலும் ஏற்றவரைக் கரைசேர்ப்போம். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஜமாஅத்தில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். பருவந்தோறும் அவர் வீட்டிற்குச் சென்று, ‘தேர்வுக் கட்டணம் கட்டியாயிற்றா? நிலுவைப் பாடம் உண்டா?’ என்று பரிவோடு கேட்கட்டும். அரசின் உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடன் வழங்கலாம். வறிய மாணவர் ஜகாத் பெறத் தகுதியுடைய ஏழை எளியோரில் அடங்குவார். வழங்கும் முறையை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். மேடையில் காசோலையோடு நிற்கவைத்து எடுக்கும் புகைப்படம், கொடுத்தவருக்கு ஒருநாள் மகிழ்ச்சி. வாங்கிய பிள்ளைக்கோ நெடுநாள் கூச்சம். சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று திருமறை நம்மை எச்சரிக்கிறது. இமாம் அவர்கள் சபை கலையும்வரை காத்திருந்ததன் பொருளும் இதுவே.

இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், சென்ற ஆண்டு நீங்கள் உதவிய மாணவரை நினைத்துப் பாருங்கள். அவர் இன்னும் கல்லூரிக்குச் செல்கிறாரா? விடை தெரியாவிடில், மாலைக்குள் அவர் வீட்டு வாசலுக்குச் செல்லுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகள் தொடங்கிய கல்வியை நிறைவு செய்யும் பாக்கியத்தை அருள்வாயாக! நாங்கள் கொடுப்பதைத் தூய எண்ணத்தோடும் இறுதிவரையும் கொடுக்கச் செய்வாயாக! ஆமீன்.